லாக்பேக்: காவடி விடுமுறையில் டிஸ்க் நிரம்பியது, வரிகள் இரட்டிக்கின்றன, பெயர்களெல்லாம் கேள்விக்குறி

எபேன்_பின்தளம்:

எல்லாருக்கும் வணக்கம். முன்பதிவுச் செயலி ஒன்றின் லாக் விவகாரம். ஸ்பிரிங் பூட் 3, ஜாவா 17, லாக்பேக் (செயலியில் நடப்பதை வரிவரியாகக் கோப்பில் எழுதும் ஜாவா நூலகம்). டாக்கரில் இரண்டு இன்ஸ்டன்ஸ், முன்னால் ஒரு லோட் பேலன்சர். ஹோஸ்ட்டில் லாக்குக்கென்றே 40 ஜிபி பார்ட்டிஷன். அதை இரண்டு கன்டெய்னருக்கும் மவுண்ட் செய்திருக்கிறது. சர்வர் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்). லாக்பேக்-ஸ்பிரிங் எக்ஸ்எம்எல் கோப்பு சொந்தமாக எழுதியது. ரோலிங் (பழைய கோப்பை மூடிப் புதியதைத் தொடங்குவது) நாளுக்கு ஒருமுறை, பழைய கோப்புகளை வைத்திருக்கும் வரம்பான மேக்ஸ்ஹிஸ்டரி 30. கம்ப்ரஷன் இல்லை.

தைப்பூசக் காவடி விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்து வந்த மூன்று நாளில் பார்ட்டிஷன் 100 சதவீதம் ஆகிவிட்டது. பெரிய கோப்பை ஆர்எம் போட்டு அழித்தும் டிஎஃப் அதே 100 காட்டுகிறது. டியூ போட்டால் 11 ஜிபிதான் வருகிறது. மீதி எங்கே?

இன்னும் சில. பணம் செலுத்தும் பகுதிக்குத் தனி லாகர், தனிக் கோப்பு வைத்தோம். அந்த வரிகள் அதிலும் விழுகின்றன, பொதுக் கோப்பிலும் விழுகின்றன. தமிழ்ப் பெயர்கள் முழுக்கக் கேள்விக்குறி. எபேன் என்ற ஊர்ப்பெயரை பிரெஞ்சில் எழுதினால் நடுவிலுள்ள அழுத்தக்குறி எழுத்தும் கேள்விக்குறி. வேகத்துக்காக, வரிகளைக் கியூவில் வைத்துப் பின்னணியில் எழுதும் அசிங்க்அப்பெண்டர் சேர்த்தோம், அதன்பின் நெரிசல் நேரத்தில் சில வரிகளே காணோம். ஒவ்வொரு நாளின் கோப்பும் நம் மொரிஷியஸ் மணிக்கு விடியற்காலை 4:00க்குத்தான் தொடங்குகிறது.

லாக்4ஜே2 என்ற இன்னொரு லாக் நூலகத்துக்கு மாறிவிடலாமா என்று மேலதிகாரிகள் கேட்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

---

ரோஸ்ஹில்_பழையகை:

தம்பி, முதலில் ஒரு கேள்வி. இரண்டு இன்ஸ்டன்ஸும் ஒரே கோப்புப் பெயரிலா எழுதுகின்றன? ஆம் என்றால் உங்கள் டிஸ்க் புதிரில் பாதி அங்கேதான் இருக்கிறது. பதில் வரும்வரை மற்றதைச் சொல்கிறேன்.

டிஎஃப், டியூ வித்தியாசம்: லினக்ஸில் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும். ஏதாவது ஒரு புராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பாது. டியூ பெயர் உள்ளவற்றை மட்டும் எண்ணும், டிஎஃப் பிளாக்குகளை எண்ணும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை "+எல்1" என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகள், எந்த புராசஸ், எத்தனை பைட் என்று வரிசையாக வரும். இடத்தை உடனே மீட்க ரீஸ்டார்ட் போதும். ரீஸ்டார்ட் முடியாத நேரமென்றால் புராக் டைரக்டரியில் அந்த புராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்பின் எஃப்டி எண்ணுக்குள் வெற்றை எழுதி நீளத்தைச் சுழியாக்கலாம். இனிமேல் ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்காதீர்கள், ட்ரன்கேட் செய்யுங்கள். லாக்பேக் இயல்பாகவே அப்பெண்ட் முறையில் திறக்கிறது, அதனால் ட்ரன்கேட்டுக்குப் பின் முதலிலிருந்து ஒழுங்காக எழுதும்.

அடுத்து மேக்ஸ்ஹிஸ்டரி. 30 என்று போட்டதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைத்திருக்கிறீர்கள். அது பைட்டை எண்ணுவதில்லை, காலத்தை எண்ணுகிறது. எந்தக் காலம் என்பதைக் கோப்புப் பெயரிலுள்ள தேதி அமைப்புதான் தீர்மானிக்கும்: தேதி நாள்வரை இருந்தால் 30 நாள், மணிவரை இருந்தால் 30 மணி நேரம். மணிக்கொரு கோப்பாக மாற்றிவிட்டு எண்ணை 30லேயே விட்டதால் நேற்றைக்கு முந்தைய நாள் லாக்கே கிடைக்காமல் தவித்தவர்கள் நிறைய.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 120 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 6 வரி, வரிக்கு 250 பைட் என்றால் வினாடிக்கு 1,80,000 பைட். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. 15.5 ஜிபி. மூன்று நாளில் 46. உங்கள் 40 ஜிபி எப்படித் தாங்கும்? அதே கோரிக்கைக்கு ஒரே வரி என்றால் நாளுக்கு 2.6 ஜிபி. ஆக முதல் கேள்வி ரோலிங் பற்றியது இல்லை, ஏன் 6 வரி என்பது. டேட்டாபேஸ் நூலகமான ஹைபர்னேட்டின் எஸ்கியூஎல் லாகரை டீபக்கில் (நுணுக்க விவரங்களையும் எழுதும் லெவல்) வைத்து மறந்திருந்தால் இதுதான் நடக்கும். ஷோ_எஸ்கியூஎல் ட்ரூ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது லாகர் வழியாகப் போகாது, நேராக ஸ்டாண்டர்ட் அவுட்டில் கொட்டும். எக்ஸ்எம்எல்லில் எந்த லெவலை மாற்றினாலும் நிற்காது.

ரோலிங் இப்படி இருக்கட்டும்: சைஸ்அண்ட்டைம்பேஸ்ட் பாலிசி. மேக்ஸ்ஃபைல்சைஸ் 200 எம்பி. மேக்ஸ்ஹிஸ்டரி 14. டோட்டல்சைஸ்கேப் 12 ஜிபி. கோப்புப் பெயர் அமைப்பில் தேதியோடு %ஐ கட்டாயம். அளவு மீறும்போது 0, 1, 2 என்று எண் போடுவது அதுதான், இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகும்போதே எரர் காட்டும். பெயரின் முடிவில் ஜிஇஸட் என்று வைத்தாலே சுருக்கம் தானாக நடக்கும், தனி ஆப்ஷன் கிடையாது. டோட்டல்சைஸ்கேப் மட்டும் போட்டு மேக்ஸ்ஹிஸ்டரியை விட்டால் எதுவும் அழியாது, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். இன்னொன்று, அந்த உச்சவரம்பு ரோல் ஆன பழைய கோப்புகளுக்குத்தான். இப்போது எழுதப்படும் கோப்பு கணக்கில் சேராது. சுருக்கும் சில நொடிகளில் மூலக்கோப்பும் ஜிஇஸட்டும் ஒன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்து, இன்ஸ்டன்ஸுக்கு 12 என்றால் இரண்டுக்கு 24, மேலே ஒன்றிரண்டு ஜிபி காற்றாட விடுங்கள்.

பூட்டின் இயல்பு அமைப்பில் 10 எம்பிக்கு ஒரு ரோல், 7 நாள் என்று கொஞ்சமாவது காவல் உண்டு. சொந்த எக்ஸ்எம்எல் எழுதியதும் அதெல்லாம் கழன்றுவிடும், நீங்களே திரும்பக் கட்டவேண்டும்.

---

எபேன்_பின்தளம்:

நன்றி அண்ணா. ஆமாம், இரண்டும் ஒரே கோப்பில்தான் எழுதுகின்றன. ஹைபர்னேட் டீபக்கும் இருந்தது, எடுத்துவிட்டேன்.

---

ரோஸ்ஹில்_பழையகை:

அப்படியானால் நடந்தது இதுதான். நள்ளிரவில் முதல் இன்ஸ்டன்ஸ் கோப்பின் பெயரை மாற்றிப் புதியதைத் திறக்கும். இரண்டாவதற்கு அது தெரியாது; பெயர் மாறிய பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். தன் முறை வந்ததும் அது முதலாவதின் புதுக் கோப்பைப் பழைய பெயருக்குத் தள்ளும். நேற்றைய வரிகளும் இன்றையவையும் கலக்கும், சில மேலெழுதப்பட்டுப் போகும். ஜிஇஸட் போட்டால் இன்னும் மோசம்: ஒன்று சுருக்கி மூலத்தை அழிக்க, மற்றது அழிந்த கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அந்த எழுத்தை யாரும் படிக்க முடியாது, ஆனால் இடத்தை மட்டும் பிடித்திருக்கும்.

ஒரே ஜேவிஎம்முக்குள் (ஜாவா செயலியை ஓட்டும் புராசஸ்) இரண்டு அப்பெண்டர் (வரியைக் கோப்பிலோ கன்சோலிலோ எழுதும் பகுதி) ஒரே கோப்பைப் பிடித்தால் லாக்பேக் தடுக்கும். இரண்டு ஜேவிஎம் என்றால் அதற்குக் கண் தெரியாது. புரூடன்ட் என்று ஒரு முறை உண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் கோப்புப் பூட்டு போடும். அதில் கம்ப்ரஷன் கிடையாது, வேகமும் விழும். எனக்கு அது பிடிக்காது. இன்ஸ்டன்ஸுக்கு ஒரு கோப்பு என்று பிரியுங்கள்.

பிரிக்கும்போது ஒரு குழி இருக்கிறது. லாக்பேக் தானாகவே தரும் ஹோஸ்ட்நேம் மாறியைக் கோப்புப் பெயரில் வைக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். டாக்கரில் ஹோஸ்ட்நேம் என்பது, நீங்கள் வேறு பெயர் கொடுக்காதவரை, கன்டெய்னர் ஐடி. டிப்ளாய் செய்யும் ஒவ்வொரு முறையும் அது மாறும். பழைய பெயரில் கிடக்கும் கோப்புகள் புதிய அமைப்போடு பொருந்தாது, அதனால் மேக்ஸ்ஹிஸ்டரி அவற்றைத் தொடவே தொடாது. மூன்று மாதத்தில் டைரக்டரி முழுக்க அனாதைக் கோப்புகள். முன்பதிவு-அ, முன்பதிவு-ஆ என்பதுபோல நிலையான பெயரை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுங்கள்.

---

க்யூர்பிப்_தூறல்:

கன்டெய்னருக்குள்ளிருந்து கோப்பில் எழுதுவதையே நிறுத்திவிட்டு ஸ்டாண்டர்ட் அவுட்டில் விட்டால் இந்த வாதமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது: டாக்கரின் ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் இரண்டும் கொடுக்காவிட்டால் எல்லையே இல்லை, லாக் பார்ட்டிஷனுக்குப் பதில் ஹோஸ்ட்டின் ரூட் டிஸ்க் நிரம்பும். அது இதைவிடக் கொடுமை.

இப்போது கேள்விக்குறி விஷயம். எண்ணிப் பார்த்தீர்களா? முருகேசன் என்று ஒரு வாடிக்கையாளர் பெயர் வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ஏகாரக் குறி, ச, ன, புள்ளி என்று ஒன்பது. லாக்கில் ஒன்பது கேள்விக்குறி இருந்தால் எழுதும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. அந்தக் கோப்பை எந்த எடிட்டரில் திறந்தாலும் திரும்ப வராது. மாறாக, 27 குப்பைக் குறிகள் தெரிந்தால் கோப்பு நன்றாகவே இருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், பார்க்கும் கருவி அதை லத்தீன்-1 என்று தப்பாகப் படிக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தமிழோடு பிரெஞ்சு அழுத்தக்குறியும் போயிருக்கிறது. லத்தீன்-1ஆக இருந்தால் பிரெஞ்சு பிழைத்திருக்கும். இரண்டும் போனதால் ஜேவிஎம்மின் இயல்பு எழுத்துக்குறியாக்கம் (என்கோடிங்) வெறும் ஆஸ்கி. சிறிய டாக்கர் இமேஜ்களில் லோகேல் எதுவும் அமைக்காமல் விட்டால் போசிக்ஸ் லோகேல் வரும், ஜாவா 17 அதைப் பார்த்து ஆஸ்கி என்று முடிவுசெய்யும். ஜாவா 18இலிருந்து யூடிஎஃப்-8 இயல்பானது. நீங்கள் 17இல் இருப்பதால் எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு என்கோடருக்குள்ளும் சார்செட் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். கன்சோல் அப்பெண்டருக்கும் சேர்த்து. அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ஜாவா மேம்படுத்தினாலும் அந்த வரி இருக்கட்டும், கெடுதல் இல்லை.

நேரம்: யூடிசி நள்ளிரவு நமக்கு விடியற்காலை 4:00. அதனால்தான் கோப்பு அப்போது உருளுகிறது. கோப்புப் பெயர் அமைப்பில் தேதிக்குப் பின்னால் கமா போட்டு நேரமண்டலப் பெயரைக் கொடுக்கலாம், நமக்கு இந்தியன்/மொரிஷியஸ். வரியிலுள்ள நேரத்துக்கும் அதே வழி. என் கருத்து: வரியின் நேரம் யூடிசியிலேயே, பின்னால் +00:00 தெரியும்படி இருக்கட்டும், வெளிநாட்டு வங்கி கேட்வேயோடு ஒப்பிட அதுதான் வசதி. கோப்பு உருளும் நேரம் மட்டும் நம் மணிக்கு. கோடைக்கால நேரமாற்றம் நமக்கு 2008-09 கோடையோடு முடிந்துவிட்டது, அதனால் 23 மணி நாள், 25 மணி நாள் தொல்லை இல்லை.

ஒரு சின்னக் கண்ணி: மில்லிசெகண்டுக்கு முன்னால் புள்ளிக்குப் பதில் கமா வைக்கும் பிரெஞ்சுப் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. லாக்பேக் அந்தக் கமாவை நேரமண்டலம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். மில்லிசெகண்டே வராது. கமா வேண்டுமென்றால் முழு அமைப்பையும் மேற்கோள்குறிக்குள் வையுங்கள்.

இரட்டை வரிக்கு விடை ஒரே சொல்: அடிட்டிவிட்டி. லாகர் தன் அப்பெண்டருக்கு எழுதிவிட்டு, பெற்றோர் லாகர்களின் அப்பெண்டர்களுக்கும் ஏற்றிவிடும், ரூட் வரை. பணம் செலுத்தும் லாகரில் அடிட்டிவிட்டி ஃபால்ஸ் போடுங்கள். ஆனால் போட்டதும் அந்த வரிகள் கன்சோலிலிருந்தும் மறையும். கன்சோலைப் பார்த்து அலாரம் அடிக்கும் கருவி ஏதாவது இருந்தால் அது குருடாகிவிடும்; அந்த லாகருக்குள் கன்சோல் அப்பெண்டரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

---

ரோஸ்ஹில்_பழையகை:

தூறல் சொன்னதோடு ஒன்று. ரூட்டில் வார்ன் வைத்திருக்கிறோமே, பிறகு ஏன் டீபக் வரி ரூட்டின் கோப்பில் விழுகிறது என்று இங்கே மாதம் ஒருவர் கேட்கிறார். லெவல் சோதனை வரி பிறந்த லாகரில் ஒருமுறைதான். அங்கே தேறிவிட்டால் மேலே ஏறும்போது ரூட்டின் லெவலை யாரும் கேட்பதில்லை. கோப்புவாரியாகத் தடுக்கவேண்டுமென்றால் அந்த அப்பெண்டருக்குள் த்ரெஷோல்ட்ஃபில்டர் வையுங்கள்.

---

கடலோரம்_மஹேபூர்:

அசிங்க் விஷயத்துக்கு எளிய வழி: நெவர்பிளாக் ட்ரூ, கியூசைஸ் 10,000. எந்த த்ரெட்டும் லாக்குக்காகக் காத்திருக்காது. முடிந்தது.

---

க்யூர்பிப்_தூறல்:

முடியவில்லை. தொலையும் வரிகளைப் பற்றித்தானே கேட்கிறார்? நெவர்பிளாக் ட்ரூ என்றால் கியூ நிரம்பியதும் எரர் வரிகூடக் குப்பைக்குப் போகும். இப்போதாவது எரரும் வார்னும் தப்புகின்றன.

இப்போது அவருக்கு நடப்பது: அசிங்க்அப்பெண்டரின் கியூ இயல்பாக 256 இடம். காலியிடம் ஐந்தில் ஒரு பங்குக்கு, அதாவது 51க்குக் கீழே போனதும் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ மூன்றையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். எங்கேயும் எச்சரிக்கை வராது. நெரிசலில் மட்டும் காணாமல் போவதற்குக் காரணம் அதுதான். டிஸ்கார்டிங்த்ரெஷோல்ட் 0 என்று வைத்தால் எதையும் விடாது. ஆனால் கியூ நிரம்பினால் கோரிக்கையைக் கையாளும் த்ரெட் காத்து நிற்கும். டிஸ்க் மெதுவானால் சர்வர் மெதுவாகும். இந்த இரண்டில் எதை இழப்பது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும், நூலகம் சொல்லாது.

எனவே ஒரே அமைப்பை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். பணம் செலுத்தும் கோப்பு: அசிங்க் வேண்டாம், நேராக எழுதட்டும். கோரிக்கைக்கு ஒரு வரி என்றால் அந்தச் செலவு வங்கிக்குப் போய்வரும் நேரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பொது லாக்: அசிங்க், கியூ 2048, டிஸ்கார்டிங்த்ரெஷோல்ட் 0. கோரிக்கை வந்துபோன வரிகளுக்கு வேண்டுமானால் மஹேபூர் சொன்ன நெவர்பிளாக்.

கியூவைப் பெரிதாக்கினால் நிறுத்தும்போது மீதி இருக்கும் வரியும் பெரிதாகும். சாதாரணமாக நிறுத்தினால் பூட் பதிவுசெய்த ஷட்டவுன் ஹூக் லாக்பேக்கை மூடும். அசிங்க்அப்பெண்டர் இயல்பாக 1000 மில்லிசெகண்ட் மட்டும் காத்துக் கியூவைக் காலிசெய்யும், மிஞ்சினது போச்சு. கில் -9 என்றாலோ, மெமரி போதாமல் கெர்னல் கொன்றாலோ அதுவும் இல்லை. செயலி செத்த காரணம் கடைசி 50 வரியில்தான் இருக்கும், அசிங்க்கில் முதலில் போவதும் அவைதான். ஆகவே எரரை நேராகவே எழுதுங்கள்.

---

கடலோரம்_மஹேபூர்:

சரி, பணத்துக்கு நேர் எழுத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேராக எழுதினாலும் டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இமீடியட்ஃபிளஷ் ட்ரூ என்பது ஓஎஸ் கையில் கொடுப்பதுவரைதான். புயல் நேரத்தில் மின்சாரம் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால் கடைசிச் சில நொடி வரிகள் கெர்னல் கேஷோடு போகும். புராசஸ் மட்டும் செத்தால் தப்பிக்கும். பணக்கணக்கு டேட்டாபேஸில் இருக்கவேண்டும். லாக்கைக் கணக்குப் புத்தகமாக நம்பாதீர்கள்.

அசிங்க் சேர்த்தபின் கிளாஸ் பெயர், வரி எண் இருக்கும் இடத்தில் கேள்விக்குறி வருகிறதா? அது எழுத்துக்குறியாக்கச் சிக்கல் இல்லை. இன்க்ளூட்காலர்டேட்டா இயல்பாக ஃபால்ஸ். ட்ரூ ஆக்கினால் வரும், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஸ்டாக்கைப் புரட்டவேண்டும், அசிங்க்கால் வந்த லாபம் அதிலேயே கரையும். வரி எண்ணைப் பேட்டர்னிலிருந்து எடுத்துவிடுங்கள். லாகர் பெயர் போதும்.

---

எபேன்_பின்தளம்:

பிரித்துவிட்டேன், சார்செட் போட்டதும் பெயர்கள் சரியாகின. நன்றி அக்கா, நன்றி அண்ணன்மாரே. இன்னும் மூன்று. ஒரு கோரிக்கையின் வரிகளைச் சேர்த்துப் பார்க்க எம்டிசியில் (ஒவ்வொரு வரியோடும் கூடுதல் குறிப்பைச் சேர்க்கும் வசதி) கோரிக்கை எண் வைக்கிறோம். சில வரிகளில் வேறு ஆளின் எண் வருகிறது. சில நல்பாயின்டர் எக்செப்ஷன்கள் ஸ்டாக் ட்ரேஸே இல்லாமல் ஒற்றை வரியாக வருகின்றன. லைவ் சர்வரில் லெவலை மாற்ற ஸ்கேன் ட்ரூ (கோப்பு மாறினால் லாக்பேக் தானாக மறுபடி படிக்கும் ஆப்ஷன்) போட்டால் எக்ஸ்எம்எல்லைத் தொட்டதும் எரர் வருகிறது.

---

ரோஸ்ஹில்_பழையகை:

எம்டிசி த்ரெட்டோடு ஒட்டியது. த்ரெட் பூலில் அதே த்ரெட் அடுத்த கோரிக்கைக்குப் போகும், பழைய எண்ணும் கூடவே போகும். ஃபில்டரில் வைத்த உடனே ட்ரை, முடிவில் ஃபைனலியில் ரிமூவ். எக்செப்ஷன் வந்த கோரிக்கைகளுக்குப் பிறகுதான் எண் கலக்கிறது என்றால், ஃபைனலி இல்லாமல் கடைசி வரியில் ரிமூவ் எழுதியிருப்பீர்கள். பக்கத்து த்ரெட்டுக்கு வேலை கொடுக்கும் இடங்களில் எண் தானாகப் போகாது. டாஸ்க்டெக்கரேட்டரில் எம்டிசி மேப்பை நகலெடுத்து, அந்தப் பக்கம் வைத்து, முடிந்ததும் கிளியர் செய்யுங்கள்.

ஸ்டாக் ட்ரேஸ் இரண்டு விதமாகத் தொலையும். ஒன்று கோடில்: எக்செப்ஷனின் கெட்மெசேஜை மட்டும் லாக் செய்திருப்பீர்கள். எக்செப்ஷனையே கடைசி ஆர்குமென்டாகக் கொடுங்கள், அதற்கென்று தனி அடைப்பு {} வேண்டாம். மற்றது ஜேவிஎம்மின் வேலை: ஒரே இடத்தில் அடிக்கடி எழும் நல்பாயின்டருக்கு ஹாட்ஸ்பாட் கம்பைலர் ட்ரேஸ் இல்லாத தயார் எக்செப்ஷனைக் கொடுத்துவிடும். ஸ்டார்ட் ஆன நேரத்துக்கு அருகில் உள்ள பழைய கோப்பைத் தேடுங்கள், முதல் சில தடவை முழு ட்ரேஸ் இருக்கும். ஓமிட்ஸ்டாக்ட்ரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ என்ற ஆப்ஷனைக் கழித்தல்குறியோடு கொடுத்தால் எப்போதும் வரும்.

கேட்ச் செய்து லாக் போட்டுவிட்டு அதையே திரும்ப எறிவதும் வேண்டாம். மூன்று அடுக்கில் மூன்று முறை அதே 80 வரி. எறிகிறவர் எழுதக்கூடாது, பிடித்து நிறுத்துகிறவர் எழுதட்டும்.

---

க்யூர்பிப்_தூறல்:

ஸ்கேனுக்கு: ஸ்பிரிங்புரொஃபைல் டேக் இருக்கும் எக்ஸ்எம்எல்லை லாக்பேக்கே மறுபடி படிக்கும்போது அந்த டேக் அதற்குப் புரியாது. இரண்டும் சேராது. ஸ்பிரிங் பூட்டின் கண்காணிப்புப் பகுதியான ஆக்சுவேட்டரின் லாகர்ஸ் முகவரிக்கு, லாகர் பெயரோடு, கான்ஃபிகர்ட்லெவல் டீபக் என்று போஸ்ட் செய்யுங்கள், உடனே மாறும். முடிந்ததும் அதையே நல் என்று அனுப்பினால் பெற்றோரின் லெவலுக்குத் திரும்பும். உங்களுக்கு லோட் பேலன்சர் இருக்கிறது, போஸ்ட் ஒரு இன்ஸ்டன்ஸுக்குத்தான் போய்ச்சேரும். இரண்டையும் தனித்தனி முகவரியில் அழையுங்கள். அந்த முகவரி வெளியுலகத்துக்குத் தெரியவே கூடாது, வேறு போர்ட்டில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பெயர்கள் சரியாக விழுகின்றன என்றால் லாக்கில் பெயர்கள் இருக்கின்றன என்று பொருள். அடையாள அட்டை எண், கைப்பேசி எண்ணும் இருக்கும். நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2017, லாக் கோப்பு என்று விலக்கு தரவில்லை. அடையாள அட்டை எண் 14 எழுத்து. முதலெழுத்துக்குப் பின் பிறந்த நாள், மாதம், ஆண்டு அப்படியே நிற்கிறது. பேட்டர்னில் %ரீபிளேஸ் வைத்து மறைக்கலாம், ஆனால் பெரும்பாலும் செய்தியை மட்டும் சுற்றி எழுதுவார்கள். எக்செப்ஷன் உரையை லாக்பேக் அதற்கு வெளியே, வரியின் முடிவில், தானாகச் சேர்க்கிறது. "இந்த எண் ஏற்கெனவே உள்ளது" என்ற டேட்டாபேஸ் எரரில் முழு எண்ணும் அம்மணமாக நிற்கும். செய்தி, எக்செப்ஷன் உரையைத் தரும் %இஎக்ஸ் இரண்டையும் ரீபிளேஸுக்குள் வைத்து, கடைசியில் %நோபெக்ஸ் போடுங்கள், இரண்டாம் முறை வராது. கைப்பேசிக்கு 5இல் தொடங்கும் 8 இலக்கம் என்று ரீஜெக்ஸ் எழுதினால் ஆர்டர் எண்ணையும் சேர்த்து மறைத்துவிடும், சோதித்துப் பாருங்கள். உண்மையில் மறைப்பதற்குச் சரியான இடம் அந்த கிளாஸின் டூஸ்ட்ரிங். ஹைபர்னேட்டின் பைண்ட் மதிப்பு லாகரை லைவில் ட்ரேஸ் ஆக்காதீர்கள், அத்தனையும் கொட்டும்.

பயனர் தட்டிய உரையை லாக் செய்யும் இடங்களில் புதுவரிக் குறியையும் அகற்றுங்கள். இல்லாவிட்டால் யாராவது பொய்யான "பணம் பெறப்பட்டது" வரியை உங்கள் கோப்புக்குள்ளேயே நட்டுவிடுவார்கள்.

---

கடலோரம்_மஹேபூர்:

லாக்4ஜே2 கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது நல்ல நூலகம், டிஸ்ரப்டர் என்ற கியூ நூலகத்தோடு அதன் அசிங்க் லாகர்கள் வேகமானவை. ஆனால் மேலே நீங்கள் சொன்ன ஒரு சிக்கல்கூட நூலகத்தால் வந்ததில்லை. ஒரே கோப்பில் இரண்டு ஜேவிஎம், அளவு வரம்பு இல்லை, சார்செட் இல்லை: அங்கே போனாலும் இவை கூடவே வரும்.

மாறியே ஆகவேண்டுமென்றால் ஸ்டார்ட்டர்-லாகிங்கை விலக்கிவிட்டு ஸ்டார்ட்டர்-லாக்4ஜே2 சேர்க்கவேண்டும். விலக்காமல் இரண்டும் கிளாஸ்பாத்தில் இருந்தால் ஸ்டார்ட்டிலேயே சண்டை. மேவன் டிபென்டென்சி ட்ரீயை ஓட்டிப் பாருங்கள், மூன்றாம் ஆள் நூலகம் ஏதாவது பின்வாசலால் திரும்ப இழுத்து வந்திருக்கும். 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் பாதுகாப்பு ஓட்டை 2.14.1 வரையுள்ள லாக்4ஜே-கோரில், 2.15.0இல் போட்ட ஒட்டு முழுமையில்லை, தொடர்ந்து வந்தவற்றில் 2.17.1க்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். பழைய லாக்4ஜே 1 ஆதரவு 2015லேயே முடிந்தது. கோடு முழுக்க எஸ்எல்எஃப்4ஜேயை (லாக் நூலகங்களுக்கான பொது முகப்பு) மட்டும் அழைத்தால் பின்னால் எதை வைத்தாலும் கோடு மாறாது. இப்போது எப்படி இருக்கிறது?

---

எபேன்_பின்தளம்:

எஸ்எல்எஃப்4ஜேதான், இரண்டு மூன்று இடத்தில் யாரோ லாக்பேக் கிளாஸை நேராக இம்போர்ட் செய்திருக்கிறார்கள், மாற்றுகிறேன். லாக்பேக்கிலேயே இருக்கிறோம். எல்எஸ்ஓஎஃப் பார்த்தேன், அழித்த கோப்பு 28 ஜிபி, இரண்டாவது இன்ஸ்டன்ஸின் கையில்தான் இருந்தது.